பிரிக்க மறுத்தவள்

என் அக்கா மகளின் கைக்குழந்தைக்கு ஒரு பருத்தித் துண்டு பின்னிக் கொடுத்தேன். முகம் துடைக்கவும், குளிப்பாட்டும்போது சோப்புத் தேய்க்கவும் ஆகிற சின்னத் துண்டு; வாஷ் கிளாத் என்பார்கள். அதில் ஒரு கண்ணி நழுவியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பிரிக்காமல், பின்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு மறைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். சில வாரத்தில் அந்த இடம் பிரிந்து ஓட்டையானபோது, “வாஷிங் மெஷின்ல போட்டியா?” என்று கேட்டு, பழியை அவள்மேல் போட்டேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஒரு சாண் துணி. யாருக்கும் காயமில்லை, பெரிய நஷ்டமில்லை. நானும் அப்படிச் சொல்லித்தான் மனத்தைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். முடியவில்லை. நழுவிய கண்ணி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அதுதான் என் தொழிலாக இருந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். மேசையில் பீஸ் பார்க்கும் பெண்ணாகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, கடைசியில் துணி ரோலைப் பார்த்து ‘பாஸ்’ என்று கையெழுத்துப் போடும் இடம்வரை வந்தேன். 1920களில் பனியன் தொழிலைத் தொடங்கி, 1970களின் கடைசியில் ஏற்றுமதிக்குள் நுழைந்த ஊர் இது. இங்கே ஓடுவதெல்லாம் பின்னல் துணி. தறியில் நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிக்கொண்டிருக்கும். ஓர் இழை அறுந்தாலும் பக்கத்து இழைகள் தாங்கிக்கொள்ளும். பின்னல் துணியில் கண்ணிக்குள் கண்ணி மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலே உள்ள கண்ணியின் பிடியில்தான் நிற்கிறது.

30 அங்குல டயா, 24 கேஜ் மெஷினில் சுற்றிலும் 2,200க்கு மேற்பட்ட ஊசிகள் இருக்கும். அதில் ஒரே ஒரு ஊசியின் கொக்கி ஒடிந்தாலோ, நூலைப் பிடிக்காமல் விட்டாலோ அந்த இடத்தில் கண்ணி நழுவும். நழுவியது அங்கேயே நிற்காது. வரிசைக்கு வரிசை கீழே இறங்கும். டிராப் ஸ்டிச் என்போம். புதுத் துணியில் அது கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. குறுக்கே இழுத்துப் பார்த்தால், துவைத்தால், உடம்பில் போட்டு நாலு தடவை கையைத் தூக்கி இறக்கினால் வாய் திறக்கும். அதனால்தான் செக்கிங்குக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் பாடமாகச் சொல்வேன்: “கண்ணுல பாத்தா பத்தாது கண்ணு, கையில இழுத்துப் பாரு.”

குழந்தைத் துணி ஆர்டர் வந்தால் இன்னும் கடுமையாகிவிடுவேன். உள்பக்கம் ஒரு நூல் தொங்கக் கூடாது, தளர்ந்த கண்ணி இருக்கக் கூடாது. கைக்குழந்தையின் விரலில் நூலோ முடியோ சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். உடனே கவனிக்காவிட்டால் விரலையே இழக்க நேரும். மருத்துவர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கும் ஆபத்து இது. குழந்தை எதற்கு அழுகிறது என்றே தெரியாமல் பெற்றவர்கள் தவிப்பார்கள். இதை நான் ஒவ்வொரு குழந்தைத் துணி ஆர்டரிலும் செக்கிங் மேசைகளுக்கு நடுவே நின்று சத்தமாகச் சொன்னவள். என் அக்கா மகளின் குழந்தைக்கு அந்தத் துண்டைக் கொடுத்தபோதும் இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது.

கைப்பின்னலுக்கு நான் வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். பக்கத்து வீட்டில் ஊட்டியிலிருந்து வந்து குடியிருந்த ஒரு டீச்சரம்மா, கான்வென்டில் சின்ன வயதிலேயே நிட்டிங் கற்றவர். இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடியே பின்னுவார். “நீங்க பனியன் கம்பெனிக்காரங்க, உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே” என்றார். ஆமாம் என்றேன். என் கையால் ஒரு கண்ணிகூட அதுவரை போட்டதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், பொய் அங்கேயே தொடங்கிவிட்டது.

பின்ன ஆரம்பித்த பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இன்றைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பின்னல் வேலைகளில் எகிப்தில் கிடைத்த காலுறைகள் முக்கியமானவை. ஏறக்குறைய 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் பின்னப்பட்டவை; நீலமும் வெள்ளையுமான பருத்தி நூல். பின்னல் என்றால் கம்பளி, குளிர்நாடு என்று நினைத்திருந்த எனக்கு, நம் பருத்தி அங்கே அவ்வளவு முன்னால் நிற்பது பெருமையாக இருந்தது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டத்தைச் செய்தார். இரண்டு ஊசியில் ஒவ்வொன்றாகப் போட்ட கண்ணிகளை ஒரு வரிசை முழுக்க ஒரே வீச்சில் போடும் கருவி அது. கொக்கியும் அதைத் திறந்து மூடும் நாக்கும் உள்ள ஊசி 1840களில் வந்தது. இன்றைக்குத் திருப்பூரில் சுற்றும் மெஷின்களில் இருப்பது அந்த ஊசியின் வம்சம்தான். நான் வாழ்நாளெல்லாம் குறை கண்டுபிடித்த துணியும் டீச்சரம்மா மடியில் வளர்ந்த துண்டும் ஒரே கண்ணியால் ஆனவை என்று அப்போதுதான் மனத்தில் பட்டது.

வாஷ் கிளாத்தில்தான் பலரும் பின்னலைத் தொடங்குவார்கள். முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் படைவீரர்களுக்காகப் பின்னித் தரச்சொன்ன பொருள்களில் ஸ்வெட்டர், காலுறை, மஃப்ளரோடு பருத்தி வாஷ் கிளாத்தும் இருந்தது. அளவு எடுக்க வேண்டாம், கை கால் வைக்க வேண்டாம். நேராகப் பின்னி முடித்தால் ஒரு வேலைக்காகும் பொருள் கையில் இருக்கும். டீச்சரம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தது மூலையில் தொடங்கிக் கோணலாக வளரும் வகை. அமெரிக்கப் பாட்டிமார்கள் வழியாகக் கைமாறி வந்தது. ஊசியில் 4 கண்ணி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் 2 கண்ணியைப் பின்னி, நூலை ஊசிமேல் ஒரு சுற்றுப் போட்டு, மீதியை நேராகப் பின்ன வேண்டும். அந்தச் சுற்று அடுத்த வரிசையில் புதுக் கண்ணியாகிவிடும். இப்படி வரிசைக்கு ஒன்றாக ஏறி 44 கண்ணி வந்ததும், அதேபோல் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போய் மறுபடி 4 கண்ணியில் முடிக்க வேண்டும். சுமார் 8 அங்குலச் சதுரம் கிடைக்கும். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக ஓடி, அதுவே அலங்காரமாக இருக்கும்.

எல்லா வரிசையும் ஒரே மாதிரி நேர்ப்பின்னல் என்பதால் துண்டு தட்டையாகப் படுக்கும். எங்கள் பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். கட்டிங் மேசையில் அதனுடன் மல்லுக்கட்டாதவர்கள் கிடையாது. அந்தத் துணியில் முன்பக்கக் கண்ணியெல்லாம் ஒருபுறமும் பின்பக்கக் கண்ணியெல்லாம் மறுபுறமும் இருப்பதால் வரும் சுருட்டல் அது. இந்தத் துண்டில் இரண்டும் வரிசை விட்டு வரிசை மாறி வந்து ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. மேடும் பள்ளமுமான அந்த வரிகள்தான் தேய்க்கும்போது அழுக்கை எடுக்கின்றன.

நூலும் பருத்திதான் வேண்டும். காஸ்டிக் சோடாவில் போட்டுப் பளபளப்பு ஏற்றிய மெர்சரைஸ்டு நூல் பார்க்க அழகு; துடைக்க, சாதாரணப் பருத்தி நூலே மென்மை, நீரையும் நன்றாகக் குடிக்கும். நனைந்தால் பருத்தி இழையின் வலு கூடும் என்பது தொழிலில் எங்களுக்குப் பழக்கமான பாடம். அடித்துத் துவைக்கலாம், கொதிநீரில் போடலாம், மெஷினில் போடலாம். வாஷ் கிளாத் என்று ஒன்றைப் பருத்தியில் பின்னுவதே அதற்காகத்தான். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் சொன்ன பொய் இந்த உண்மையை மிதித்துக்கொண்டுதான் நிற்கிறது.

ஆனால் பருத்தி பின்னுகிறவரைக் காட்டிக்கொடுக்கும். கம்பளி இழையில் நுண்ணிய செதில்களும் சுருளும் இருப்பதால், ஒரு கண்ணி நழுவினாலும் பக்கத்து இழைகளில் பற்றிக்கொண்டு கொஞ்சநேரம் நிற்கும். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் போட்டிருந்தாலும் நீட்சித் தன்மையால் ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். பருத்தி வழவழப்பானது, நீட்சியும் குறைவு. கை இறுகியதும் தளர்ந்ததும் அப்படியே பதிந்துவிடும். நழுவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

குழந்தைக்கு என்று எடுத்த துண்டில் பாதிக்கு மேல் வந்துவிட்டேன். 38 கண்ணி இருக்க வேண்டிய வரிசையில் எண்ணினால் 37. மறுபடி எண்ணினேன், 37தான். எங்கோ ஒன்று விழுந்திருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தேடிப் பார்த்திருந்தால் இரண்டு மூன்று வரிசைக்குக் கீழே பிடித்திருக்கலாம். நான் தேடவில்லை. ஓரத்தில் நூலை இன்னொரு சுற்றுப் போட்டுக் கணக்கை 38 ஆக்கிவிட்டு மேலே பின்னிக்கொண்டு போனேன்.

முடித்து வெளிச்சத்தில் பிடித்தபோது, நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கண்ணி எதிலும் மாட்டாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதை முறையாகச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, பின்னலை அந்த இடம்வரை பிரித்து, விழுந்ததை ஊசியில் ஏற்றி மறுபடி பின்னுவது. மற்றது, விழுந்த கண்ணிக்கு நேர் மேலே உள்ள இடத்துக்கு மட்டும் இறங்கி, குரோஷே ஊசியால் ஒவ்வொரு வரிசை நூலாகப் பிடித்து மேலே ஏற்றிக்கொண்டு வருவது. இந்தப் பின்னலில் ஒரு வரிசையை முன்பக்கமாகவும் அடுத்த வரிசையைப் பின்பக்கமாகவும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. கம்பெனியில் மெண்டிங் பெண்கள் கொக்கி ஊசியை வைத்துக்கொண்டு செய்வது கிட்டத்தட்ட இதுதான். ஒரு தழும்பும் தெரியாமல் செய்வார்கள்.

இரண்டுக்குமே முடித்த ஓரத்தை அவிழ்க்க வேண்டும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. டீச்சரம்மா பார்த்தால் என்ன நினைப்பார், இத்தனை வருஷம் செக்கிங்கில் இருந்தவளுக்கு இது தெரியவில்லையா என்று தோன்றாதா என்பதுதான் முன்னால் வந்தது. அவர் அப்படி நினைக்கக்கூடியவர் இல்லை. பிரித்துப் பின்னுவதை அவர் தினமும் செய்கிறவர். நான்தான் மற்றவர்களை அப்படி நினைத்தவள். அதனால் மற்றவர்களும் என்னை அப்படித்தான் நினைப்பார்கள் என்று நம்பினேன். தனியாக ஒரு துண்டு நூலை எடுத்து, அந்தக் கண்ணிக்குள் கோத்துப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். வால் தெரியக் கூடாது என்று முடிச்சை ஒட்டியே கத்தரித்தேன். வழவழப்பான பருத்தி நூலை அவ்வளவு ஒட்ட வெட்டினால் முடிச்சு கழன்றுவிடும் என்று தெரியாமல் வெட்டவில்லை.

அக்கா மகள் துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “சித்தி, கடையில வாங்குற எதுவும் இப்படி இருக்காது” என்றாள். அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன். நெஞ்சில் சுருக்கென்று ஏதும் குத்தவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், சந்தோஷமாகவே இருந்தது. நான் பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது. மறைக்கப் பழகிய மனத்துக்கு மறைத்தது மறந்தே போகிறது.

சில வாரம் கழித்துப் போன் செய்தாள். குரலே தயங்கியது. “சித்தி, கோவிச்சுக்காதீங்க. அந்தத் துண்டு நடுவுல பிரிஞ்சிருச்சு. நேத்துக் குளிப்பாட்டும்போது பாப்பா விரலு அந்த ஓட்டைக்குள்ள மாட்டிக்கிச்சு, மெதுவா எடுத்துட்டேன்” என்றாள்.

விரல் மாட்டிக்கொண்டது என்ற சொல்லைக் கேட்டதும் என் கை சில்லிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். “அது என் தப்பு கண்ணு, தூக்கிப் போட்டுரு, வேற பின்னித் தாரேன்” என்று ஒரு வரி போதும். என் வாயில் வந்தது வேறு. “மெஷின்ல போட்டியா? கைப்பின்னலை அப்படிப் போட்டா தாங்குமா? கையில அலசி நிழல்ல காயப் போடணும்னு உனக்குத் தெரியாதா?” என்றேன். சூப்பர்வைசர் குரல் அது. கேள்வியாகக் கேட்பதுபோல் இருக்கும். பதில் சொல்கிறவர் குற்றவாளி ஆகிவிடுவார். “அய்யோ, ஆமா சித்தி, மெஷின்லதான் போட்டேன். சாரி சித்தி, நான்தான் கெடுத்துட்டேன்” என்றாள். பிள்ளை பெற்ற களைப்பு தீராத, ராத்தூக்கம் இல்லாத பெண், நான் செய்த குறைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். “பரவாயில்லை, விடு” என்றேன். பெரிய மனது பண்ணி மன்னித்தவள்போல் சொன்னேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவளுடைய அந்தச் “சாரி”யை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன் என்பது மெல்ல மெல்ல மேலே வந்தது. வேறு குரலில், வேறு சொல்லில்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் குழந்தை உடுப்பு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் தேதி நெருங்கிவிட்டது. துணி ரோல்களை லைட் மெஷினில் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு ரோலில் எனக்குச் சந்தேகம் வந்தது; ஒரே நேர்கோட்டில் கண்ணி சற்று ஒழுங்கில்லாமல் இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்து, ஒரு துண்டு வெட்டித் துவைத்துப் பார்த்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கட்டிங் ஒருநாள் நிற்கும். ‘பாஸ்’ போட்டுக் கையெழுத்திட்டேன்.

தைத்து முடிந்து செக்கிங்குக்கு வந்தபோது ஒரு பெண் இரண்டு மூன்று பீஸோடு என்னிடம் வந்தாள். “அக்கா, இழுத்துப் பாத்தா இந்த எடத்துல லேசா வாய் தொறக்குதுங்க” என்றாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்திருக்கிறாள். நான் பீஸை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, அயர்ன்ல சரியாயிரும், போட்டு அனுப்பு” என்றேன். அவள் அனுப்பினாள்.

கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் லாட் விழுந்தது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1,201 முதல் 3,200 பீஸ்வரை உள்ள லாட்டுக்கு வழக்கமான நிலையில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள், 2.5 என்ற தர அளவில் 7 பீஸ்வரை குறை இருந்தால் பாஸ், எட்டாவது வந்தால் முழு லாட்டும் ரிஜெக்ட். அன்று எட்டைத் தாண்டியது. எல்லாப் பெட்டியையும் உடைத்து ஒவ்வொரு பீஸாக மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. பெண்கள் ராத்திரி ஷிஃப்டும் சேர்த்து நின்றார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எப்படி நடந்தது என்று கேட்டார். “டேபிள்ல பாக்கலைங்க சார்” என்றேன். எந்த டேபிள் என்றார். அவளுடைய டேபிளைச் சொன்னேன்.

அவளைக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். “அக்காதான் அனுப்பச் சொன்னாங்க” என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “தப்பாயிருச்சுங்க சார்” என்றாள். அவளைச் செக்கிங்கிலிருந்து எடுத்துப் பிசிறு வெட்டும் வேலைக்குப் போட்டார்கள். ஷிஃப்ட் சம்பளம் குறைந்தது. கொஞ்ச நாளில் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை இத்தனை வருஷம் நான் மறக்கவில்லை. ஆனால் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தேன். “அந்த லாட் விழுந்த சமயம்” என்றுதான் மனத்தில் இருந்தது. நான் தள்ளிவிட்ட ஆள் அந்த ஞாபகத்தில் இல்லை. அக்கா மகளின் குரல்தான் அவளை மறுபடி கொண்டுவந்து நிறுத்தியது. இருவருமே சரியாகப் பார்த்தவர்கள். குறையைக் கண்டு என்னிடம் சொன்னவர்கள். இருவரையுமே தங்கள் கண்ணைத் தாங்களே சந்தேகப்பட வைத்தேன். குறையுள்ள துணியை அனுப்பியதைவிடப் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். துணிக்கு மாற்றுத் துணி உண்டு. நான் நன்றாகத்தான் பார்த்தேனா என்று ஒரு பெண் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கினால், அந்தச் சந்தேகம் அடுத்த வேலைக்கும் அடுத்த வீட்டுக்கும் அவளோடு போகும்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய் அந்தத் துண்டை வாங்கினேன். அக்கா மகள் முன்னாலேயே உட்கார்ந்து பின்பக்கத்தைத் திருப்பி, முடிச்சு இருந்த இடத்தைக் காட்டினேன். “இது மெஷின்ல போனதில்லை. பின்னும்போதே கண்ணி விழுந்திருச்சு. எனக்குத் தெரியும். முடிச்சுப் போட்டு மறைச்சுத்தான் உனக்குக் குடுத்தேன். போன்ல உம்மேல பழி போட்டதும் பொய்தான்” என்றேன். அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “நான் அன்னிக்குப் பூரா அழுதேன் சித்தி. ஒரு துணியைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியலைன்னு” என்றாள். அதைக் கேட்க வேண்டியவளாக நான் இருந்தேன். குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டேன்.

துண்டை அங்கேயே முழுக்கப் பிரித்தேன். முடித்த மூலையைத் தளர்த்தி நூலை இழுத்தால் போதும். ஒவ்வொரு கண்ணியாக விட்டுக்கொடுத்து, ஓட்டை விழுந்த இடத்தையும் கடந்து, முதல் 4 கண்ணிவரை வந்து கடைசியில் வெறும் நூலாகிவிட்டது. எங்கும் அறுபடவில்லை. வெட்டித் தைத்த உடுப்பில் தவறினால் துணி போனது போனதுதான். கட்டிங் வேஸ்ட்டாகக் கிலோ கணக்கில் விற்க வேண்டியதுதான். கையால் பின்னிய துண்டில் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே நூல். எவ்வளவு தூரம் தவறிப் போயிருந்தாலும் நூல் நஷ்டமில்லாமல் திரும்பி வரலாம். பிரித்த நூல் கண்ணிகளின் வடிவத்திலேயே நெளிந்திருந்தது. அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடியில் கொஞ்சம் கனம் கட்டித் தொங்கவிட்டேன். காய்ந்தபோது நெளிவு போயிருந்தது. அதே நூலில் மறுபடி பின்னினேன். இந்தமுறை கண்ணி விழுந்தபோது நின்று, பிரித்து, எடுத்தேன். டீச்சரம்மாவிடம் எனக்கு முன்னால் பின்னல் தெரியாது என்பதையும் சொன்னேன். “அதுக்கென்னங்க, கத்துக்கத்தானே வந்தீங்க” என்றார்.

செக்கிங்கில் நான் பழி போட்ட அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிக்க நாளாயிற்று. பழைய ஆட்களிடம் விசாரித்து ஒரு நம்பர் கிடைத்தது. பேசினேன். நடந்ததை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேதி தவிர எல்லாமே அவளுக்கு ஞாபகம் இருந்தது. ரோலை நான் பாஸ் செய்ததும், அவள் காட்டியும் நான் அனுப்பச் சொன்னதும், மேனேஜரிடம் நான் பொய் சொன்னதும் என் தவறு என்றேன். “இப்பச் சொல்லி என்னங்க்கா ஆகப்போவுது? அப்புறம் நானு செக்கிங் வேலைக்கே போவலீங்க. பயமாயிருச்சு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டியதும் இல்லை. அப்போது அங்கிருந்த மேனேஜருக்கும் நடந்ததை எழுதித் தெரிவித்தேன். அவளுடைய குறைந்த சம்பளத்தையும் விட்டுப்போன வருஷங்களையும் அது திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும்.

செக்கிங் மேசையில் நிற்கும் பெண்களுக்கும் அவர்களுக்குமேல் நிற்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். குறையைக் கண்டுபிடிக்கிற கண்ணை வளர்ப்பது எளிது; எனக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. அந்தக் கண்ணைத் தன் பக்கம் திருப்புவதும், கண்டதை உடனே வாய்விட்டுச் சொல்வதும் எனக்கு வரவேயில்லை. விழுந்த கண்ணியை இரண்டு வரிசையில் எடுத்திருந்தால் யாருக்கும் தெரியாமலே சரியாகியிருக்கும். சந்தேகப்பட்ட ரோலை ஒருநாள் நிறுத்தியிருந்தால் ஒருநாள் கட்டிங் மட்டும்தான் போயிருக்கும். உங்களிடம் ஒரு பெண் பீஸைக் கொண்டுவந்து “வாய் தொறக்குதுங்க” என்று சொன்னால், தயவுசெய்து அதை வாங்கி இழுத்துப் பாருங்கள். அவள் சொன்னது சரியென்றால், எல்லோர் முன்னாலும் சரியென்று சொல்லுங்கள்.

எல்லோர் முன்னாலும் நான் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். அந்த ரோலைப் பாஸ் செய்தது நான். அந்த லாட் விழுந்ததற்கு நான்தான் காரணம். அந்தப் பெண் சரியாகத்தான் பார்த்தாள்.